முடக்குவாதத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வயது 28, நாலு வருஷமாக முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி வலிக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்). வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட், தினமும் ஹைட்ராக்சிகுளோரோகுவின். "எல்லா மாத்திரையையும் நிறுத்திட்டுக் குழந்தைக்குப் பாருன்னு மாமியார் சொல்றாங்க, நிறுத்தவா?"

தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் மாமியார் சொல்வதில் பாதிதான் சரி. மெத்தோட்ரெக்சேட் கருவைக் கலைக்கலாம், பிறவிக் குறையும் வரவைக்கலாம். அதனால் கருத்தரிக்க முயல்வதற்கு மூன்று மாதம் முன்பே உங்கள் மருத்துவர் அதை நிறுத்திவிடுவார், அந்த மூன்று மாதமும் முடியும்வரை கருத்தடை கட்டாயம், போலிக் அமில மாத்திரையை மட்டும் விடக்கூடாது. ஹைட்ராக்சிகுளோரோகுவினைத் தொடரலாம். அது போதாவிட்டால் சல்பாசலசின் சேர்ப்பார்கள், அதுவும் கர்ப்பத்தில் சாப்பிடக்கூடியதுதான். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, விரல் வீங்கிக் கோலப்பொடி பிடிக்க முடியாத நிலையில் கர்ப்பமானால் குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை என்று தொல்லை கூடும். புது மருந்தில் மூன்றிலிருந்து ஆறு மாதம் நோய் அடங்கியிருக்கட்டும், அப்புறம் முயலுங்கள். அதற்குள் ஆன்ட்டி-ரோ என்ற ரத்தப் பரிசோதனையையும் கேட்டு எடுத்துவிடுங்கள். அதில் பாசிட்டிவ் என்று வந்தால் வயிற்றிலுள்ள குழந்தையின் இதயத் துடிப்பைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கும்.

கர்ப்ப காலத்தில் பலருக்கு வலி தானாகவே குறையும். குறையாவிட்டால் மெடிக்கலில் நீங்களாக டைக்ளோபினாக் வாங்கிப் போடாதீர்கள், 20 வாரத்துக்கு மேல் அது குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைத்துவிடலாம். பாராசிட்டமால் போடலாம்.

உண்மையில் எனக்குக் கவலை பிரசவத்துக்குப் பிறகுதான். அடங்கியிருந்த வாதம் முதல் சில மாதங்களுக்குள் திரும்பக் கிளம்புவது ரொம்ப சகஜம். நம் பக்கத்தில் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ அம்மா வீட்டிலிருந்து பெண்ணை அழைத்துவந்துவிடுவார்கள், சரியாக அந்த நேரத்தில் மணிக்கட்டு வீங்கிப் பிள்ளையைத் தூக்க முடியாமல் நிற்பாள், சுற்றியிருப்பவர்கள் சோம்பேறித்தனம் என்பார்கள்! அதனால் ஆள் துணையை இப்போதே பேசி வையுங்கள், பிரசவமான முதல் மாதத்திலேயே வாத மருத்துவரை (ருமட்டாலஜிஸ்ட்) போய்ப் பாருங்கள். ஹைட்ராக்சிகுளோரோகுவின், சல்பாசலசின் இரண்டையும் பால் கொடுக்கும்போதும் பொதுவாகச் சாப்பிடலாம், குறைந்த அளவு ஸ்டீராய்டும்கூட. மெத்தோட்ரெக்சேட் மட்டும் கூடாது. பிரசவ லேகியத்தோடு எனக்குச் சண்டையில்லை, ஆனால் பெயர் ஒட்டாத வாதப் பொடிப் பொட்டலம் வேண்டாம், அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

ஒருவேளை இப்போதே நாள் தள்ளிப்போயிருந்தால், இந்த வார மெத்தோட்ரெக்சேட்டைப் போடாமல் இன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.