கதவுல குழி குழியா விழுது, 0.01 மைக்ரான் ஃபில்டர் வாங்கலாமா?

கேள்வி: அண்ணே, நமக்கு காரைக்குடி. முனீஸ்வரன் கோவில் தெருவுல வாங்குற பழைய தேக்கு கதவு, பீரோவெல்லாம் தேய்ச்சு பியூ (பாலியூரிதேன் பாலிஷ்) ஸ்ப்ரே அடிச்சுக் குடுக்குறோம். ரெண்டு மாசமா அடிச்ச உடனே குட்டி குட்டியா குழி விழுது, ஃபிஷ் ஐ. கம்ப்ரஸர் பக்கத்துல சின்ன ஃபில்டர் ஒண்ணு இருக்கு. கடைக்காரர் 0.01 மைக்ரான், அதாவது ரொம்ப நுணுக்கமா வடிகட்டுற ஃபில்டர், மாட்டுனா சரியாயிரும்ங்கிறார். வாங்கலாமா?

பதில்: தம்பி, காசு எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு கண்ணாடித் துண்ட தின்னர் போட்டு நல்லா துடைச்சு, அதே ஸ்ப்ரே கன்னுல அதே பியூவ அடிச்சுப் பாருங்க. கண்ணாடியிலயும் குழி விழுந்தா பெரும்பாலும் காத்து லைன்லயோ கன்னுலயோ எண்ணெய் இருக்கும். கதவுல மட்டும் விழுந்தா அது மரத்துல இருக்கு, நம்ம பக்கத்து கதவுக்கெல்லாம் தலைமுறை தலைமுறையா எண்ணெய் தேய்ச்சிருப்பாங்க, அதுக்கு எவ்வளவு வெலைல ஃபில்டர் போட்டாலும் ஒண்ணும் ஆகாது, துணிய மாத்தி மாத்தி தின்னர்ல துடைச்சு சீலர் (மரத்த அடைக்கிற அடிப்பூச்சு) அடிச்சிட்டுதான் பியூ.

காத்துலதான்னு தெரிஞ்சா மொதல்ல ஃபில்டர் இருக்கிற எடத்த மாத்துங்க. கம்ப்ரஸர விட்டு வர்ற காத்து கொதிக்கும், தண்ணி அதுல ஆவியா இருக்கும், ஃபில்டர் சொட்டத்தான் பிடிக்கும் ஆவிய விட்டுரும். அப்புறம் பைப்புல ஆறி கன்னுகிட்ட வந்து தண்ணியாகுது. அதனால காத்து நல்லா ஆறுன பெறகு, கன்னுக்குக் கிட்டக்க மாட்டணும். மொதல்ல வாட்டர் செபரேட்டர், அடுத்து 5 மைக்ரான், கடைசியாதான் 0.01. 5 இல்லாம நேரா 0.01 போட்டா உள்ள வடிகட்டுற எலிமென்ட் சீக்கிரம் அடைச்சுக்கும், காசு வேஸ்ட். டேங்க்ல தினமும் தண்ணி தெறந்து விடுங்க, ஐப்பசி மழைல ரெண்டு தடவ.

மைக்ரான மட்டும் கேக்காம சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு எத்தன கன அடி காத்து போகும்ங்கிறது) எவ்வளவுன்னு கேளுங்க, இதத்தான் நம்மாளுக விட்டுர்றாங்க. டப்பால போட்டிருக்கிறது பெரும்பாலும் 7 பார் பிரஷர்ல உள்ள கணக்கு, 3 பார்ல ஏறக்குறைய பாதிதான் தாங்கும். அதனால பிரஷரக் கொறைக்கிற ரெகுலேட்டருக்கு முன்னாடி ஃபில்டர் வரணும், கன் இழுக்கிறத விட கூடுதலாவே வாங்குங்க. ஸ்பேர் எலிமென்ட் கெடைக்குமா, என்ன வெலைன்னும் அப்பவே கேட்டுருங்க.

கம்ப்ரஸர்ல ஆயில் சீக்கிரம் கொறையுதுன்னா பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கும், அத மொதல்ல மாத்துங்க.

இன்னொண்ணு தம்பி, பியூ இறுகுறதுக்குக் கலக்குற ஹார்ட்னர்ல ஐசோசயனேட்ங்கிற கெமிக்கல் இருக்கு, ஆஸ்துமாவே வந்துரும். இந்த ஃபில்டர் கதவத்தான் காப்பாத்தும் உங்க நெஞ்ச இல்ல. கர்ச்சீப் கட்டிட்டு அடிக்காதீங்க, சரியான மாஸ்க்குக்கு தனியா காசு ஒதுக்குங்க.