முதலில் படம், அப்புறம் சூத்திரம்: பிளஸ் ஒன் இயற்பியல் கேள்வி பதில்

இந்த முறை வந்தவை பெரும்பாலும் பிளஸ் ஒன் வீட்டுப்பாடக் கணக்குகள். சிலர் விடையை மட்டும் கேட்டிருந்தார்கள். சிலர் தாங்கள் போட்டுப் பார்த்த வழியையும் எழுதி அனுப்பியிருந்தார்கள். அவற்றைத்தான் முதலில் எடுத்திருக்கிறேன். எங்கே தடுக்கியது என்று தெரிந்தால்தான் கை கொடுக்க முடியும். எண்கள் சுலபமாக வருவதற்காக, ஈர்ப்பு முடுக்கத்தை 9.8-க்குப் பதில் 10 மீ/வி² என்று எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (பிளஸ் ஒன் மாணவி, திண்டுக்கல்): சார், 20 மீட்டர் உயர மாடியிலிருந்து ஒரு பந்தை 15 மீ/வி வேகத்தில் நேர்மேலே எறிகிறோம். தரைக்கு வர எவ்வளவு நேரமாகும்? எனக்கு 1 வினாடி வருகிறது, புத்தகத்தில் 4 வினாடி. மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன்.

பதில்: நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்தேன். காரணிப்படுத்தியதில் தப்பு இல்லை. நேரத்தை 'ந' என்று வைத்து, 20 = 15ந + 5ந² என்று தொடங்கியிருக்கிறீர்கள். இதை முப்பது முறை போட்டாலும் 1 வினாடிதான் வரும். தப்பு முதல் வரியிலேயே இருக்கிறது.

பென்சிலை எடுத்து மாடியையும் பந்தையும் வரையுங்கள். பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்பு போட்டு '+' என்று எழுதுங்கள். இனி மேலே போவதெல்லாம் பிளஸ், கீழே போவதெல்லாம் மைனஸ். எறிந்த வேகம் +15. ஈர்ப்பு முடுக்கம் −10. பந்து கடைசியில் கிடப்பது எறிந்த இடத்துக்கு 20 மீட்டர் கீழே, எனவே இடப்பெயர்ச்சி −20.

−20 = 15ந − 5ந²
ந² − 3ந − 4 = 0
(ந − 4)(ந + 1) = 0

4 வினாடி வந்துவிட்டது. உங்கள் சமன்பாட்டில் மூன்றுக்குமே பிளஸ் போட்டிருந்தீர்கள். மூன்றும் ஒரே திசை என்று அர்த்தம். அதாவது பந்தை மாடியிலிருந்து கீழ்நோக்கி 15 மீ/வி வேகத்தில் எறிந்துவிட்டீர்கள். அந்தக் கணக்குக்கு 1 வினாடி சரியான விடைதான்.

அப்புறம் அந்த −1. நேரம் மைனஸில் வராது என்று வகுப்பில் அதை அடித்துவிடச் சொல்வோம். அடிப்பதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள். நீங்கள் எறிவதற்கு 1 வினாடி முன்னால் தரையிலிருந்து யாரோ 25 மீ/வி வேகத்தில் ஒரு பந்தை மேலே எறிந்திருந்தால், அது மாடியைத் தாண்டும்போது அதன் வேகம் சரியாக 15 மீ/வி. அதன் பிறகு அந்தப் பந்துக்கும் உங்கள் பந்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. உங்கள் பந்து தரையில் விழும் வேகமும் அதே 25 தான், போட்டுப் பாருங்கள். பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பந்தை எறிந்தது மாடியிலிருந்தா தரையிலிருந்தா என்று சமன்பாட்டுக்குத் தெரியாது, பந்தின் பாதை மட்டும்தான் தெரியும்.

கேள்வி: 10 கிலோ பெட்டியை 30 நியூட்டன் விசையால் கிடைமட்டமாகத் தள்ளியும் நகரவில்லை. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4. உராய்வு விசை 0.4 × 100 = 40 நியூட்டன்தானே? விடை 30 என்று இருக்கிறதே?

பதில்: 40 என்பது உச்சவரம்பு. உராய்வு நிஜமாகவே 40 என்றால், 30 விசையால் தள்ளுகிற உங்களை நோக்கிப் பெட்டி நகர்ந்து வர வேண்டும்! வீட்டில் அரிசி மூட்டையை ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். அது திருப்பித் தள்ளிக்கொண்டு வராது. நீங்கள் 5 கொடுத்தால் உராய்வும் 5, 30 கொடுத்தால் 30. 40-ஐத் தாண்டும்போதுதான் உங்கள் பெட்டி நழுவத் தொடங்கும்.

கேள்வி (பிளஸ் ஒன் மாணவர், தஞ்சாவூர்): மேசைமேல் புத்தகம். அதன் எடை கீழே, மேசை தரும் செங்குத்து விசை மேலே. இரண்டும் சமம், எதிரெதிர். இதுதானே நியூட்டனின் மூன்றாம் விதி?

பதில்: இல்லை தம்பி. மிக நன்றாகப் படிக்கிறவர்களும் தவறுகிற இடம் இது. மூன்றாம் விதியின் ஜோடி விசைகள் ஒருபோதும் ஒரே பொருளின் மேல் செயல்படாது. பூமி புத்தகத்தை இழுக்கிறது. அதன் ஜோடி, புத்தகம் பூமியை இழுப்பது. மேசை புத்தகத்தைத் தள்ளுகிறது. அதன் ஜோடி, புத்தகம் மேசையைத் தள்ளுவது. நீங்கள் சொன்ன இரண்டும் புத்தகத்தின் மேலேயே இருக்கின்றன. அவை சமமாக இருப்பது புத்தகத்துக்கு முடுக்கம் இல்லாததால்.

லிஃப்டில் இது கண்ணுக்கே தெரியும். என் மாணவர் ஒருவர் முள் ஓடுகிற பழைய எடை மெஷினை லிஃப்டுக்குள் வைத்து, ஏறி நின்று வீடியோ எடுத்து வந்தார். லிஃப்ட் மேலே கிளம்பும்போது முள் துள்ளி ஏறியது. நடுவில், ஒரே வேகத்தில் போகும்போது பழைய இடத்துக்கே வந்துவிட்டது. நிற்கப்போகும்போது கீழே இறங்கியது. 60 கிலோ ஆள், 2 மீ/வி² முடுக்கம் என்றால் அவை முறையே 720, 600, 480 நியூட்டன். பூமி இழுக்கும் எடை மூன்று நேரத்திலும் 600 தான், மாறியது செங்குத்து விசை. இரண்டும் மூன்றாம் விதி ஜோடியாக இருந்திருந்தால் இப்படிப் பிரிந்திருக்கவே முடியாது.

கேள்வி: போகும்போது மணிக்கு 40 கி.மீ., அதே வழியில் திரும்பும்போது 60. சராசரி வேகம் ஏன் 50 இல்லை?

பதில்: மெதுவாகப் போனதில் அதிக நேரம் கழிந்ததால். தூரம் 120 கி.மீ. என்று வையுங்கள். போக 3 மணி, வர 2 மணி. 240-ஐ 5-ஆல் வகுத்தால் 48.

கேள்வி: கப்பியின் மேல் போட்ட கயிற்றில் ஒரு பக்கம் 3 கிலோ, மறுபக்கம் 2 கிலோ. கயிற்றின் இழுவிசை 50 நியூட்டனா, 30 நியூட்டனா?

பதில்: இரண்டும் இல்லை. இரண்டு எடைகளையும் தனித்தனியாக வரையுங்கள். 3 கிலோவுக்குக் கீழே 30, மேலே இழுவிசை. 2 கிலோவுக்குக் கீழே 20, மேலே அதே இழுவிசை. முடுக்கம் (30 − 20) ÷ (3 + 2) = 2 மீ/வி². 3 கிலோ கீழே போவதால் இழுவிசை 30 − 6 = 24. மறுபக்கம் சரிபாருங்கள்: 20 + 4 = 24. கயிறும் கப்பியும் எடையற்றவை, உராய்வு இல்லை என்று எடுத்துக்கொண்டால் இது. இதற்கு அட்வுட் எந்திரம் என்று பெயர். ஜார்ஜ் அட்வுட் 1784-ல் தன் நூலில் இதை விவரித்தார். தானாக விழும் பொருளை அன்றைய கடிகாரத்தால் அளப்பது கஷ்டம்; இதில் முடுக்கம் 10-லிருந்து 2 ஆகக் குறைந்துவிடுகிறது பாருங்கள்.

கேள்வி (ஓர் அம்மா, சேலம்): மகன் கைடைப் பார்த்து எழுதிவிடுகிறான். நான் இயற்பியல் படித்ததில்லை. எப்படி உதவுவது?

பதில்: நோட்டை வாங்கி, அவர் வரைந்த ஒவ்வொரு விசை அம்பையும் தொட்டு, "இது யார் தருகிற விசை?" என்று கேளுங்கள் அம்மா. பூமி, மேசை, கயிறு, கை என்று ஏதாவது ஒன்றை அவர் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்த அம்பு அங்கே இருக்கக் கூடாது. இதற்கு நீங்கள் இயற்பியல் படித்திருக்க வேண்டியதில்லை.

மேலே போய்க்கொண்டிருக்கும் பந்தின்மேல் பலரும் மேல்நோக்கி ஓர் அம்பு போட்டு, "எறிந்த விசை" என்பார்கள். 14ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ழான் புரிடான் போன்ற பேரறிஞரே, எறிந்த பொருளுக்குள் 'இம்பெட்டஸ்' என்ற ஒன்று தங்கியிருந்து அதை ஓட்டுகிறது என்றுதான் விளக்கினார். அதனால் உங்கள் மகன் அப்படி நினைத்தால் கோபிக்காதீர்கள். "இப்போது கை எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். பந்து கையை விட்டுப் போய்விட்டது. காற்றின் தடையை விட்டுவிட்டால் அங்கே ஒரே அம்புதான், கீழ்நோக்கி, பூமி தருவது. அவர் ஒத்துக்கொள்ளாமல் உங்களோடு வாதாடினால், அந்த வாதத்தை அப்படியே எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.