அந்த நட்சத்திரம் வேண்டாம்

அன்புள்ள ஐயா,

நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. கை கழுவுவது, பல் துலக்குவது, நேரத்துக்குத் தூங்குவது இதையெல்லாம் பழக்க ஒரு செயலி கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் தினமும் செய்ததைக் குறித்தால் நட்சத்திரம் விழும். வாரக் கடைசியில் பார்த்தால் எல்லோருமே முழு நட்சத்திரம்! சந்தேகமாக இருக்கிறது. காணொளி, வினாடி வினா, செயலி இவற்றில் எது நல்லது? ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் கொடுக்கலாம்?

ம.

அன்புள்ள ம.,

நிமிடக் கணக்கை விடுங்கள். காணொளி நல்லதுதான். கொரோனா வைரஸின் கொழுப்பு உறையை சோப்பு உடைப்பதைக் கண்ணால் பார்க்க வேறு வழி ஏது? வினாடி வினாவும் ஒரு பக்கம் இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த நட்சத்திரம்தான் எனக்கு ஆகாது. உங்கள் கடிதம் வராவிட்டாலும் இதை எழுதியிருப்பேன்.

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படம் வரைவதில் தானாகவே ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளாகப் பார்த்து எடுத்தார்கள். சிலரிடம் ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று முதலிலேயே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. பிறகொரு நாள் அதே பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தார்கள். சான்றிதழுக்கு ஆசைப்பட்டு வரைந்தவர்கள்தான் பேனாவைக் குறைவாகத் தொட்டார்கள். முன்பு வரைந்த படங்களும் அவர்களுடையவைதான் சுமார். கூலி பேசியதும் ஆசை போய்விட்டது.

கை கழுவ எந்தப் பிள்ளைக்கு ஆசை, எதையாவது காட்டித்தானே இழுக்க வேண்டும் என்பீர்கள். தண்ணீரில் கை வைக்க ஆசைப்படாத பிள்ளையை எங்காவது பார்த்திருக்கிறீர்களா, டீச்சர்? போதும் வா என்று இழுத்துக்கொண்டு வருவது யார்? நாம்தானே!

என் மகளிடமும் இப்படி ஒரு செயலி இருந்தது. ‘ஒன்பது மணிக்குத் தூங்கினேன்’ என்று அவள் குறித்தபோது மணி பத்தரை. போர்வைக்குள் செல்பேசி வெளிச்சம். என்னம்மா இது என்றேன். “தூங்கிட்டா எப்படிப்பா குறிக்கிறது?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. செயலி கேட்டதை அவள் கொடுத்தாள், அவ்வளவுதான். உங்கள் வகுப்பின் முழு நட்சத்திரமும் அப்படி வந்ததுதான். அதற்காகப் பிள்ளைகளைத் திட்டினீர்கள் என்றால் எனக்குக் கோபம் வரும்.

இன்னொன்று. கடிதம் முழுக்கச் செயலி இருக்கிறது, குழாய் எங்கே? 2019இல் உலகப் பள்ளிகளில் 43 சதவீதத்தில் கை கழுவத் தண்ணீரும் சோப்பும் சேர்ந்து இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கணக்குக் காட்டின. உங்கள் பள்ளி எந்தப் பக்கம்? சோப்பே வைக்காமல் நட்சத்திரம் கொடுத்தால், பிள்ளை முதலில் கற்பது பொய்க்கணக்கு எழுதத்தான்.

காணொளி முடிந்த கையோடு எல்லோரையும் குழாயடிக்குக் கூட்டிப் போங்கள். இருபது விநாடி, விரலிடுக்கு, நகக்கண் எல்லாம். நீங்களும் கூட நின்று கழுவுங்கள். நட்சத்திரப் பட்டியல் எங்கே என்று தலைமையாசிரியர் கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். சண்டையை என்னோடு போட்டுக்கொள்ளட்டும்.