வீட்டுக்குள் வளர்க்கும் அழகுச் செடிகளின் இலைகள் மஞ்சளாகிக் கருகுவது ஏன்? என்ன உரம் போடலாம்?

உரத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். மணி பிளாண்டில் இலைகள் மஞ்சளாகின்றன, டிரசீனாவில் நுனி கருகுகிறது, பீஸ் லில்லி தண்ணீர் ஊற்றியும் தொங்குகிறது என்று மூன்று தொல்லைகளைக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே நோயாக இருக்க வாய்ப்பு குறைவு. மூன்றுக்கும் ஒரே உரத்தைப் போட்டால், இப்போது ஓரளவு தாக்குப்பிடிக்கும் செடியும் சேர்ந்து படுத்துவிடும்.

பல வருடங்களாகத் தொட்டிச் செடி வளர்க்கிறேன். நிறத்தை வைத்து நோயைச் சொல்லிவிட முடியாது என்பதுதான் என் கருத்து. தண்ணீர் அதிகமானாலும் மஞ்சள், குறைந்தாலும் மஞ்சள், சத்து இல்லாவிட்டாலும் மஞ்சள், வயதானாலும் மஞ்சள். இடத்தைப் பாருங்கள். மஞ்சளானது அடி இலையா, கொழுந்தா? இலைக்குள் நரம்பா, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதியா, ஓரமா, நுனியா? செடி முழுக்கவா, ஜன்னல் பக்கம் மட்டுமா? இதைப் பார்த்துவிட்டால் பாதிக்கு மேல் விடை கிடைத்துவிடும்.

மணி பிளாண்டில் கீழே உள்ள ஒன்றிரண்டு இலைகள் மட்டும் எப்போதாவது பழுத்து விழுந்தால் அது நோயே இல்லை. பழைய இலையிலிருந்து சத்தை இழுத்துப் புதுத் துளிருக்குக் கொடுத்துவிட்டுச் செடி அதைக் கழித்துவிடுகிறது. ஒரே சமயத்தில் பல இலைகள் மஞ்சளாகி, மண்ணும் நாள் கணக்கில் ஈரமாகவே இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

அங்கேதான் உங்கள் பீஸ் லில்லியும் வருகிறது. மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கினால், வேர் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். மண் துகள்களுக்கு இடையில் காற்று இருக்க வேண்டிய இடமெல்லாம் தண்ணீரால் நிரம்பினால் வேருக்கு ஆக்ஸிஜன் கிடைக்காது. ஆக்ஸிஜன் இல்லாத வேரால் தண்ணீரையும் உறிஞ்ச முடியாது. அதனால் செடி தண்ணீருக்குள் நின்றுகொண்டே வாடுகிறது. வாடுவதைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுகிறோம். வீட்டுச் செடிகள் சாவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

சந்தேகம் இருந்தால் செடியைத் தொட்டியிலிருந்து உருவிப் பாருங்கள், பயப்படாதீர்கள். நல்ல வேர் வெளிர் நிறத்தில், கெட்டியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகவோ கறுப்பாகவோ கொழகொழவென்று இருக்கும். விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் கழன்று வந்து நடுவில் நூல் மாதிரி ஒன்று மட்டும் நிற்கும். நாற்றமும் அடிக்கும். ஒரு எச்சரிக்கை: டிரசீனா, ஸ்நேக் பிளாண்ட் இவற்றின் வேர் இயல்பாகவே ஆரஞ்சு நிறம். அதை அழுகல் என்று நினைத்து வெட்டி எறிந்துவிடாதீர்கள்; கெட்டியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அழுகிய வேர்களைச் சுத்தமான கத்தரியால் நறுக்கிவிட்டு, பழைய மண்ணை உதறி, நீர் வடியும் புதுக் கலவையில் வையுங்கள். மிச்சமிருக்கும் வேருக்குப் பொருந்தும் சின்னத் தொட்டியே போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் காயவே காயாது.

தொட்டிக்கு வெளியே அழகுக்காக ஓட்டையில்லாத இன்னொரு தொட்டி வைத்திருக்கிறீர்களா? அதைத் தூக்கிப் பாருங்கள். அடியில் தேங்கிய தண்ணீர்தான் பல வீடுகளில் நிஜக் குற்றவாளி.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை ஊற்றுவது என்று கேட்பீர்கள். நாள் கணக்கே வேண்டாம். இரண்டு விரற்கடை ஆழம் விரலை விட்டுப் பாருங்கள். மணி பிளாண்ட், பீஸ் லில்லி மாதிரிச் செடிகளுக்கு அந்த ஆழம் காய்ந்திருந்தால் ஊற்றலாம். ஸ்நேக் பிளாண்டுக்குத் தொட்டி மண் முழுக்கக் காய்ந்த பிறகு. வெளிச்சம் குறைந்த மூலையில் இருக்கும் செடி தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். ஜன்னலோரத்தில் சரியாக இருந்த அதே அளவு அங்கே அதிகமாகிவிடும். செடியை இடம் மாற்றினால் தண்ணீர்ப் பழக்கத்தையும் மாற்றியே ஆக வேண்டும்.

அடுத்தது டிரசீனா. நுனியும் ஓரமும் மட்டும் பழுப்பாகக் கருகி, மீதி இலை பச்சையாகவே இருந்தால் முதலில் தண்ணீரின் தரத்தைச் சந்தேகிப்பேன். வேர் வழியாக ஏறும் உப்பு, இலையில் நீர் ஆவியாகும் நுனியிலும் ஓரத்திலும் போய்ச் சேர்கிறது. டிரசீனா, ஸ்பைடர் பிளாண்ட் இரண்டுக்கும் ஃபுளோரைடு ஆகவே ஆகாது. கொஞ்சம் இருந்தாலே நுனி கருகும். தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், ஃபுளோரைடு போகாது. கொதிக்க வைத்தால் இன்னும் மோசம்: தண்ணீர் ஆவியாகும், ஃபுளோரைடு மிஞ்சிக் கெட்டிப்படும். மழைநீர் உத்தமம், ஆர்.ஓ. நீரும் நல்லது. ஆனால் ஆர்.ஓ. கருவியிலிருந்து வெளியேறும் கழிவு நீர் வேண்டவே வேண்டாம், உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மண்ணின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தால் உரத்தின் உப்பும் சேர்ந்துவிட்டது. மேல் படிவைச் சுரண்டிவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் முழுக்க வடிய விடுங்கள். இந்த நிலையில் உரம் போட்டால் எரிகிற தீயில் எண்ணெய்தான். ஏசி காற்று நேராக அடித்தாலும் நுனி காயும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உரத்துக்கு வருவோம். தழைச்சத்து (நைட்ரஜன்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் இவையெல்லாம் செடிக்குள் நகரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி கிழட்டு இலையிலிருந்து எடுத்து இளம் இலைக்கு அனுப்பும், அதனால் அறிகுறி அடியில் தெரியும். தழைச்சத்துக் குறைவில் அடி இலை முழுக்க வெளிறும். மெக்னீசியக் குறைவில் அடி இலையில் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளாகும். சாம்பல்சத்துக் குறைவில் அடி இலையின் ஓரம் தீயும். இரும்புச்சத்து அப்படி நகராது. அதன் குறைவு கொழுந்தில்தான் தெரியும்: புது இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும். அதே நரம்புக் கோலம் அடி இலையில் வந்தால் மெக்னீசியம், கொழுந்தில் வந்தால் இரும்பு. எதற்கெடுத்தாலும் எப்சம் உப்பு என்று சொல்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை, அது மெக்னீசியம் சல்பேட்; அதில் இரும்பு கிடையாது. பல சமயம் மண்ணில் இரும்பு இருக்கும், காரத்தன்மை கூடியதால் வேரால் எடுக்க முடியாமல் கிடக்கும். கடின நீரையே ஊற்றிவந்தால் இப்படி ஆகும். முதலில் தண்ணீரை மாற்றுங்கள்.

பூச்சியை மறந்துவிடக் கூடாது. இலை மேல் ஊசியால் குத்தியதுபோல் வெளிர் புள்ளிகள் தெரிந்தால் சிலந்திப்பேன். ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நடந்தால் அதுதான். வெள்ளிக் கீறல்களும் அதன் மேல் கறுப்புப் பொட்டுகளும் இருந்தால் இலைப்பேன். இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் நன்றாகக் கழுவி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி மென்மையான சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். முதலில் ஒரே ஒரு இலையில் தெளித்து, மறுநாள் பாதிப்பு இல்லையென்றால் மட்டும் மற்றதற்கு. முட்டைகள் தப்பிவிடும், ஆகையால் வாரம் ஒருமுறை என்று மூன்று முறையாவது செய்ய வேண்டும். புதிதாக வாங்கும் செடியை இரண்டு வாரம் மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வைத்தால் இந்த வேலையே பெரும்பாலும் வராது.

ஜன்னல் பக்க இலைகளில் மட்டும் வெளுத்த, காகிதம் போன்ற திட்டுகள் வந்தால் அது வெயில் சுட்டது. திரைச்சீலை போதும்.

செடி சரியாகிவிட்டதா என்பதைப் பழைய இலையில் தேடாதீர்கள். முழுக்க மஞ்சளான அடி இலையும் கருகிய நுனியும் திரும்பப் பச்சையாகாது. அடுத்து வரும் இரண்டு மூன்று இலைகள் சுத்தமாக வந்தால் வைத்தியம் பலித்தது என்று எடுத்துக்கொள்ளலாம். அதுவரை ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். டிரசீனாவின் கருகிய நுனி கண்ணை உறுத்தினால் கத்தரித்துவிடலாம், ஆனால் பச்சைப் பகுதி வரை போகாமல் மெல்லிய பழுப்பு ஓரத்தை விட்டு வெட்டுங்கள். பச்சையில் வெட்டினால் அந்த வெட்டு மறுபடி பழுப்பாகும்.