மல்டிமீட்டர்: எதில் மிச்சம் பிடிக்கலாம்?

கேள்வி: எங்கள் தோப்பு கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் இருக்கிறது. போர்வெல்லில் 5 ஹெச்பி திரீ ஃபேஸ் மோட்டார் ஓடுகிறது. வீட்டில் சின்ன சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஒன்று. மகன் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படிப்பை முடித்துவிட்டு மல்டிமீட்டர் கேட்கிறான். பொள்ளாச்சிக் கடையில் 250 ரூபாய்க்கும் காட்டினார்கள், 1,500 ரூபாய்க்கும் காட்டினார்கள். இரண்டும் வோல்ட்டேஜைச் சரியாகத்தான் காட்டுகின்றன. பிறகு எதற்கு இந்த விலை வித்தியாசம்?

பதில்: அந்த 250 ரூபாய்ச் சரக்கு எது என்று தெரிகிறது. மஞ்சள் உறை, நடுவில் பெரிய திருகு, பெயரில் எங்கோ 830 என்ற எண். அதை நான் திட்ட மாட்டேன். டார்ச் செல், பைக் பேட்டரி, ரேடியோ போர்டு என்று பார்ப்பதற்கு அதுவே போதும். அளவிலும் பெரிய பொய் சொல்லாது, உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்காதவரை. இறங்கிவிட்டால் இருப்பதைவிடக் கூட்டிக் காட்டும்.

எனக்குள்ள பகை அதன் 10 ஆம்பியர் துளையோடுதான். அருகிலேயே ஆங்கிலத்தில் 'ஃபியூஸ் இல்லை' என்று அச்சடித்திருப்பான், யாரும் படிப்பதில்லை. ஆம்பியர் பார்த்துவிட்டுச் சிவப்பு ஒயரை அந்தத் துளையிலேயே விட்டுவிட்டு, அடுத்த நாள் ஸ்டார்ட்டர் பெட்டியில் இரண்டு ஃபேஸுக்கு நடுவில் வோல்ட்டேஜ் பார்க்க முனைகளை வைத்தால், அது அளப்பது ஆகாது. 400 வோல்ட்டை நேராக ஷார்ட் செய்வதாகும். டிரான்ஸ்ஃபார்மர் தோப்புக்குப் பக்கத்தில் இருந்தால் பாய்கிற கரண்டும் அதற்கேற்ப அதிகம். மீட்டர் கையிலேயே வெடிக்கும். மற்றத் துளைக்கு ஃபியூஸ் உண்டு, ஆனால் அது ரேடியோவில் போடுகிற கண்ணாடிக் குழாய். கம்பி உருகிய பிறகும் உள்ளே தீப்பொறி பாலம் போட்டுத் தொடரலாம். நல்ல மீட்டரில் பீங்கான் குழாய்க்குள் மணல் நிரப்பிய ஃபியூஸ் இருக்கும். அந்த மணல்தான் பொறியை அணைக்கிறது.

விலை வித்தியாசத்தில் நியாயமான பங்கு இதற்குத்தான். அடுத்துப் பார்க்க வேண்டியது 'கேட்' (CAT) என்ற முத்திரை, எந்த இடத்து லைனில் வைத்து அளக்கலாம் என்று சொல்வது. ஐஇசி 61010 என்ற உலகத் தரத்திலிருந்து வருவது. பிளக்கில் செருகி ஓடும் சாதனங்களுக்குக் கேட் 2. மெயின் போர்டு, நிலையாகப் பொருத்திய மோட்டார் பேனல் இவற்றுக்குக் கேட் 3. கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் லைனுக்குக் கேட் 4. உங்களுக்குக் கேட் 3, 600 வோல்ட் வேண்டும். 400 வோல்ட்டுக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்பீர்கள். மோட்டார் நிற்கும்போதும், ஐப்பசி இடி இறங்கும்போதும் லைனில் கண நேரத்துக்குப் பெரிய துள்ளல் வரும். அந்த முத்திரை உண்மையானால் மீட்டர் 6,000 வோல்ட் துள்ளலைத் தாங்கியாக வேண்டும். உண்மையானால் என்கிறேன். 250 ரூபாய் மீட்டரிலும் '1000 வோல்ட், கேட் 3' என்று அடித்துவிடுகிறார்கள். மைக்கு என்ன செலவு?

எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்றால், வசதிகளில். வெப்பநிலை, டிரான்சிஸ்டர் சோதனை, திரை வெளிச்சம் எதுவும் உங்கள் தோப்புக்கு வேண்டாம். ஃப்ளூக் 101 என்ற மீட்டரைப் பாருங்கள்: ஆம்பியர் அளக்கவே அளக்காது, திரையில் வெளிச்சம் கிடையாது, ஆனால் கேட் 3, 600 வோல்ட். காசை எங்கே போட வேண்டும் என்று தெரிந்தவன் செய்த சாமான். விலை உங்கள் கணக்கைத் தாண்டும் என்பதுதான் சங்கடம்.

ஆகவே என் யோசனை வேறு. அந்த 1,500 ரூபாய்க்கு மல்டிமீட்டர் வேண்டாம், ஏசி கிளாம்ப் மீட்டர் வாங்கிக் கொடுங்கள். வோல்ட், ஓம், பஸ்ஸர் (ஒயர் அறுபடாமல் இருந்தால் கத்துவது) எல்லாம் அதிலும் உண்டு. ஒயரைத் தன் இடுக்கி வாயால் வெளியிலிருந்தே கவ்வி ஆம்பியர் பார்ப்பதால் பெரும்பாலானவற்றில் அந்த 10 ஆம்பியர் துளையே இருக்காது, அந்த விபத்துக்கும் வழியில்லை. 5 ஹெச்பி மோட்டார் ஓட்டத்தில் சுமார் 7, 8 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு. இதைச் சாதாரண மல்டிமீட்டரை நடுவில் கோத்துப் பார்க்க நினைக்கவே கூடாது. ஒரு நேரத்தில் ஒரு ஒயரை மட்டும் கவ்வச் சொல்லுங்கள். மூன்று ஃபேஸிலும் ஏறக்குறைய ஒரே அளவு வர வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் மோட்டாரை நிறுத்திவிட்டுக் காரணம் தேட வேண்டும்.

கடையில் முதலில் மெகோ, மோட்வானே, ரிஷப் போன்ற நம் நாட்டுப் பெயர்களைக் கேளுங்கள். வாங்கும் முன் ஓம் ரேஞ்சில் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடியுங்கள். அரை ஓமுக்குள் வந்து அசையாமல் நிற்க வேண்டும். ஒயரை வளைக்கும்போது எண் ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பஸ்ஸர் தொட்டவுடன் கத்த வேண்டும். யோசித்துவிட்டுக் கத்துகிற மீட்டர் வேண்டாம். பில் வாங்க மறக்காதீர்கள்.

போர்வெல் மோட்டார் வைண்டிங் எர்த் ஆகியிருக்கிறதா என்பதை மட்டும் எந்த மல்டிமீட்டரையும் நம்பி முடிவு செய்ய வேண்டாம். அது சில வோல்ட்டில் சோதிக்கிறது. இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர்தான் உண்மையைச் சொல்லும். சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, ரீவைண்டிங் கடையில் இருக்கும்.

கேள்வி: சுவிட்சை அணைத்த பிறகும் விளக்கு ஒயரில் மீட்டர் 70 வோல்ட் காட்டுகிறது. மீட்டர் கெட்டுவிட்டதா? (மீனாட்சிபுரம் வாசகி)

பதில்: பெரும்பாலும் மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே குழாயில் கரண்ட் உள்ள ஒயரோடு படுத்திருக்கும் ஒயரில் இப்படிப் போலி வோல்ட்டேஜ் ஏறும். மீட்டர் மிகக் குறைவாகவே கரண்ட் இழுப்பதால் அதையும் எண்ணாக்கிக் காட்டிவிடுகிறது. எலக்ட்ரீஷியனை அழைத்து அதே இடத்தில் டெஸ்ட் லேம்ப்பை வைக்கச் சொல்லுங்கள். போலியென்றால் எண் சரிந்துவிடும். பல்ப் எரிந்தால் ஒயரிங்கில் கோளாறு. அதுவரை அந்த ஒயரைத் தொடாதீர்கள்.

கேள்வி: 'ட்ரூ ஆர்எம்எஸ்' என்று எழுதியிருப்பதற்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா? (சித்தூர் வாசகர்)

பதில்: கரண்டின் அலை வடிவம் கோணலாக இருந்தாலும் அளவைச் சரியாகக் காட்டும் மீட்டர் என்று பொருள். லைன் கரண்டை மட்டும் பார்ப்பவர் கொடுக்க வேண்டாம். ஸ்கொயர் வேவ் (சதுர அலை) இன்வெர்ட்டர் வைத்திருந்தால் யோசியுங்கள். சாதாரண மீட்டர் அதில் 11 சதவீதம் கூட்டிக் காட்டும், 230 இருக்கும் இடத்தில் 255 என்று. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் வைத்து மோட்டார் ஓட்டுகிறவர் கொடுத்தே ஆக வேண்டும்.