ஃபாமிலி தெரபி மாஸ்டர்ஸ்: டிகிரிக்கு முதல் லைசன்ஸப் பாருங்க

திருகோணமலை உப்புவெளியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. வந்தாறுமூலை கம்பஸில சமூகவியலோட 3 வருச பொது பி.ஏ. முடிச்சவ, இப்ப உளவளத்துணை உதவியாளரா வேலை, மாமா ஆக்கள் கனடாவில ஸ்கார்பரோவில, மேரேஜ் அண்ட் ஃபாமிலி தெரபியில மாஸ்டர்ஸ் செய்ய என்ன வேணும், அமெரிக்காவா கனடாவா எண்டு.

தங்கச்சி, சைக்காலஜிதான் படிச்சிருக்கோணும் எண்டில்ல, சமூகவியலையும் நிறைய இடத்தில எடுப்பாங்க. சிக்கல் வருசக் கணக்கில. அங்க பெரும்பாலும் 4 வருச டிகிரி கேப்பாங்க, நம்மட பொது டிகிரிய எல்லாக் கம்பஸும் சமனா எடுக்காது, அதால காசு கட்டி அப்ளை பண்ண முதல் டபிள்யூ.ஈ.எஸ். மாதிரி வெளிநாட்டு டிகிரிய அந்த நாட்டு டிகிரியோட ஒப்பிட்டுப் பாக்கிற ஒரு இடத்தில மதிப்பீடு செஞ்சு பாருங்க.

ஐஈஎல்டிஎஸ், ரெஃபரன்ஸ் லெட்டர், இன்டர்வியூ எல்லாம் வழமையானதுதான். ஏன் இதப் படிக்கோணும் எண்டு நீங்க எழுதிக் குடுக்கிற ஸ்டேட்மென்ட்லதான் கனபேர் கோட்ட விடுறது. "சின்ன வயசில இருந்தே உதவி செய்ய ஆசை" எண்டு தயவுசெஞ்சு எழுதாதீங்க. கட்டார்ல இருந்து திரும்பின புருசனும், அவர் இல்லாமலே வீட்ட நடத்திப் பழகின பொஞ்சாதியும், காசு ஆர்ட கையில இருக்கோணும் எண்டு சண்டை பிடிச்சுக்கொண்டு உங்களிட்ட வந்திருப்பாங்கதானே, அப்ப நீங்க ஆரோட முதல்ல கதைச்சீங்க, மாமியாரயும் ஏன் கூப்பிட்டீங்க, அத எழுதுங்க, ஆள் ஆரெண்டு தெரியாத மாதிரி. ஒராள மட்டும் பாக்காம உறவப் பாக்கிறதுதான் இந்தப் படிப்பே.

படிப்பு 2, 3 வருசம், அமெரிக்காவில சாதாரணமா 60 கிரெடிட் அளவில வரும். சி.ஓ.ஏ.எம்.எஃப்.டி.ஈ. எண்டு இந்தத் தெரபிப் படிப்புகளுக்கு அங்கீகாரம் குடுக்கிற அமைப்பு ஒண்டு இருக்கு, அதிட அங்கீகாரம் இருக்கா எண்டு கட்டாயம் பாருங்க, கனடாவில குவெல்ஃப், வின்னிபெக் கம்பஸ்களுக்கு இருக்கு. அந்த அங்கீகாரத்துக்கு குறைஞ்சது 300 மணித்தியாலம் கிளையண்ட்டோட நேரா வேலை செய்யோணும், அதில 100 ஜோடியாவோ குடும்பமாவோ இருத்தி வச்சு. அதோட 100 மணித்தியாலம் சுப்பர்விஷன், அதாவது அனுபவமுள்ள தெரபிஸ்ட் ஒராள்ற மேற்பார்வை, அதிலயும் 50 நீங்க செய்யிறத வீடியோ மாதிரி ரெக்கோர்டிங்ல, இல்லாட்டி நேரில பாத்து. முதல்ல கூச்சமாத்தான் இருக்கும், ஆனா தொழில் பழகுறது அங்கதான்.

இப்ப முக்கியமான கதை. டிகிரி கையில வந்தாலும் பெரும்பாலான இடத்தில லைசன்ஸ் இல்லாம தெரபிஸ்ட் எண்டு போர்ட் போடேலாது. அமெரிக்காவில, கலிபோர்னியாவ எடுத்தா, மேற்பார்வையில 3000 மணித்தியாலம் வேலை, அதுவும் குறைஞ்சது 104 கிழமையில பரவலா செய்யோணும், அதோட ரெண்டு எக்ஸாம். படிக்கேக்க செய்யிறதில ஒரு பங்கு கணக்கில வரும்தான், எண்டாலும் ஸ்டூடன்ட் விசாவில படிச்சு முடிச்சா இந்தத் துறைக்கு ஓ.பி.டி., அதாவது படிச்ச பிறகு அங்க வேலை செய்ய விடுற அனுமதி, கிடைக்கிறது 12 மாசம்தான், கணக்கு இடிக்குது. கனடாவில, ஸ்கார்பரோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில, தெரபிஸ்ட்டா முழுப் பதிவுக்கு 450 மணித்தியாலம் கிளையண்ட்டோட, 100 சுப்பர்விஷன், ஒரு எக்ஸாம். மாஸ்டர்ஸ் முடிச்சா வேலை பெர்மிட்டும் 3 வருசம் வரைக்கும் கிடைக்கலாம். மாமாவும் அங்க இருக்கிறார், ஸ்கார்பரோவில தமிழில கதைக்கிற தெரபிஸ்ட்டுக்கு வேலையும் இருக்கு. நான் எண்டா கனடாதான் சொல்லுவன்.

திருகோணமலையில இருந்தே ஒன்லைன்ல படிக்கலாமா எண்டும் கேட்டிருந்தீங்க. பாடம் படிக்கலாம், ப்ராக்டிகம், அதாவது கிளையண்ட்டோட செய்யிற பயிற்சிதான் பிரச்சினை. இங்க எந்த இடத்தில செய்யலாம், இங்க இருக்கிற ஆர சுப்பர்வைசரா ஏத்துக்கொள்ளுவாங்க, அந்த மணித்தியாலம் ஒன்டாரியோவில செல்லுமா, மூண்டையும் சேர முதல் கேளுங்க. பதில ஈமெயில்ல வாங்குங்க, போன்ல சொன்னது காணாது.