ஜித்தா பழைய வீடுகளும் நம்மவர் பேட்டைகளும்: வாசகர் கேள்விகள்

சவூதி அரேபியத் துறைமுக நகரான ஜித்தாவின் பழைய நகரம், பலத் பகுதியைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: உம்ரா முடித்துத் திரும்பும் வழியில் ஜித்தாவில் ஒரு பகல் கிடைக்கும். பலத்தில் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? (காயல்பட்டினம் வாசகர்)

பகலில் போகாதீர்கள். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு போய் இரவு வரை இருங்கள். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும், கூடவே கடல் புழுக்கமும் சேரும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடப்பது சுகம். வெள்ளிக்கிழமை காலையில் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும்.

கடல் பக்கத்திலிருந்து தொடங்கி, சூக் அல்-அலவி கடைத்தெரு வழியாகக் கிழக்கே பாப் மக்காவை (மக்கா வாயிலை) நோக்கி நடங்கள். கப்பலில் வந்து இறங்கிய ஹாஜிகள் மக்காவுக்குப் புறப்பட்ட திசை அது. கி.பி. 647-இல் கலீஃபா உஸ்மான் (ரலி) ஜித்தாவை மக்காவின் துறைமுகமாக்கிய நாளிலிருந்து இந்த ஊரின் வருமானம் ஹாஜிகளிடமிருந்தும் சரக்கிலிருந்தும் வந்தது. ஹஜ் மாதத்தில் மாடி அறைகளை ஹாஜிகளுக்கு வாடகைக்கு விட்ட குடும்பங்கள் ஏராளம். 2014-இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது வைத்த பெயரே ‘மக்காவின் வாசல்’ என்றுதான் முடிகிறது.

அதே தெருவில் நஸீஃப் மாளிகை இருக்கிறது. 1872-இல் தொடங்கி 1881-இல் முடித்தார்கள். 1925 இறுதியில் ஜித்தா தம் வசமானபோது, சவூதி அரசை நிறுவிய மன்னர் அப்துல் அஸீஸ் தங்கியது இங்கேதான். வாசலில் நிற்கும் வேப்பமரத்தைத் தவறவிடாதீர்கள். 1920-களில்கூடப் பழைய நகரத்துக்குள் இருந்த ஒரே மரம் என்று அதைச் சொல்வார்கள். உள்ளே படிக்கட்டு அகலமாகவும் உயரம் குறைந்தும் இருக்கும். மேல்மாடிச் சமையலறை வரை ஒட்டகம் சுமையோடு ஏறும் என்று ஊரில் சொல்வது அதை வைத்துத்தான். அங்கிருந்து வடக்கே சந்துகளுக்குள் திரும்பினால் ஷாஃபி பள்ளிவாசல். கம்பி வேலி போட்ட வீடுகளுக்குள் நுழையாதீர்கள், சில மாடங்கள் சாரத்தின் பலத்தில்தான் நிற்கின்றன. குடியிருக்கும் வீடுகளின் வாசலையும் பெண்களையும் கேட்காமல் படமெடுக்காதீர்கள்.

கேள்வி: வீட்டு முகப்பு முழுக்க மரக்கூண்டுபோல் தொங்குகிறதே, அது அழகுக்கா, காற்றுக்கா? (சென்னை, கட்டடக்கலை மாணவி)

இரண்டுக்கும், மறைவுக்கும் சேர்த்து. ரோஷன் என்பது அதன் பெயர், பன்மையில் ரவாஷீன். சுவரிலிருந்து சுமார் அரை மீட்டர் வெளியே துருத்தி நிற்கும். உயரம் பெரும்பாலும் 3 மீட்டரை ஒட்டி வரும். அடியில் முட்டுக்கொடுத்த பீடம், நடுவில் திறந்து மூடும் பலகைகள், உச்சியில் செதுக்கிய மகுடம் என்று மூன்று பாகம். நடுப்பாகத்துப் பலகைகளை மேலும் கீழுமாக நகர்த்தலாம். உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு மட்டும் காற்று வேண்டுமென்றால் கீழ்ப்பலகையை மட்டும் ஏற்றினால் போதும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உள்ளே ஆள் இருப்பது தெரியாது.

மூன்று பக்கமும் திறப்பு இருப்பதால், தெருவோடு ஒட்டி ஓடும் காற்றையும் பக்கவாட்டில் பிடித்து உள்ளே விடும். சாதாரண ஜன்னல் அந்தக் காற்றைத் தவறவிட்டுவிடும். ஜித்தாவில் காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து, கடலிலிருந்து வருவதால் நல்ல ரோஷன்களை அந்தப் பக்கமாகவே வைத்தார்கள். உள்ளே திண்டு போட்ட இருக்கையும், காற்று படும் இடத்தில் மண்கூஜாவும் இருக்கும். இரவில் மொட்டைமாடி அறையில் படுக்கை. மரம் தேக்கு, இந்தியாவிலிருந்தும் கீழைக் கடல் நாடுகளிலிருந்தும் கப்பலில் வந்தது. ஜித்தாவும் மக்காவும் இருக்கும் ஹிஜாஸ் பகுதியில் அந்த அளவுக்கு மரம் விளையாது.

ஆய்வுக்காகப் போகிறீர்கள் என்றால் ஒன்று சொல்கிறோம்: ரோஷனை மட்டும் வரைந்துகொண்டு திரும்பிவிடாதீர்கள். அதைத் தாங்கும் சுவர்தான் இன்று ஆபத்தில் இருக்கிறது. அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

கேள்வி: பலத்தில் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலையில் மேஸ்திரியாக இருக்கிறேன். சிமெண்ட்டைத் தொடவே கூடாது என்கிறார்கள். வலுவான பொருளை ஏன் ஒதுக்குகிறார்கள்? (ராமநாதபுரம் வாசகர், ஜித்தாவிலிருந்து)

அவர்கள் சொல்வது சரி. சுவரின் கல் பவளப்பாறை. நகரத்தை ஒட்டிய கடற்கழியிலும் கரைத்திட்டிலும் வெட்டி எடுத்தது. எடை குறைவு, அறுப்பது சுலபம், ஆனால் உடம்பு முழுக்கத் துளை. இடையில் கழிச்சேறும் சுண்ணாம்பும் கலந்த சாந்து. ஏறக்குறைய மீட்டருக்கு ஒரு வரிசை, சுவர் நீளத்துக்கும் மரக்கட்டை படுத்திருக்கும். தக்லீலா என்று உங்கள் ஃபோர்மன் சொல்லியிருப்பார். ஒழுங்கில்லாத கற்களின் பாரத்தைச் சமமாகப் பரப்புவதும், அடிமண் கொஞ்சம் இறங்கினால் சுவர் பிளக்காமல் காப்பதும் அந்தக் கட்டைதான்.

உப்பு கலந்த நிலத்தடி ஈரம் இந்தச் சுவரில் எப்போதும் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு என்றால் ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும், உப்பும் பூச்சிலேயே பூக்கும். கெட்டுப்போன பூச்சைக் கொத்திவிட்டு மறுபடி பூசினால் கல் பிழைக்கும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறும், உப்பு பூச்சுக்குப் பின்னால் கல்லுக்குள்ளேயே படிகமாகிக் கல்லை மாவாக்கும், கட்டை இற்றுப்போகும். வெளியே பார்த்தால் சுவர் பளபளப்பாகத்தான் இருக்கும். தட்டிப் பாருங்கள், ‘தொம் தொம்’ என்று கூடாகச் சத்தம் கேட்டால் உள்ளே கல் போய்விட்டது. மேலே கான்கிரீட் தளமும் போட்டிருந்தால் பாரம் தாங்காமல் மூலை பிளக்கும்.

வேலை வரிசை முக்கியம். முதலில் முட்டுக்கொடுங்கள். அடுத்து தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று பாருங்கள். மாடிக் குளியலறைக் குழாய், ஏசி தண்ணீர், மொட்டைமாடித் தொட்டி, பக்கத்துக் கழிவுக்குழி, இவற்றை நிறுத்தாமல் பூசினால் அத்தனையும் வீண். பிறகு சிமெண்ட்டைக் கையுளியால் கொத்தி எடுங்கள். பிரேக்கர் இயந்திரம் வைத்தால் அதிர்ச்சியில் பின்னாலுள்ள கல்லும் வந்துவிடும். பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தள்ளி அள்ளி அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் அடித்துக் கழுவினால் அது கரைந்து திரும்பவும் உள்ளே போகும். சுவர் உலர வாரக்கணக்கில் ஆகும், அவசரப்படுத்தாதீர்கள். கட்டையில் இற்றுப்போன நீளத்தை மட்டும் அறுத்து, பதப்படுத்திய மரத்தைச் சாய்வெட்டு இணைப்பில் பொருத்துங்கள். கல்லுக்கு இடிந்த வீடுகளின் பழைய கல்லே சிறந்தது.

பூச்சுக்கு நன்றாக நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, கழுவிய மணல் 3 பங்கு. கடல் மணலும் உப்புத் தண்ணீரும் ஆகாது. சுவரை நனைத்துவிட்டு, ஒரு தடவைக்கு 1 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் பூசி, ஒரு பூச்சு இறுகிய பிறகே அடுத்தது. அந்த வெயிலிலும் காற்றிலும் வேகமாகக் காய்ந்தால் மயிரிழை விரிசல் விடும். ஈரச்சாக்கைத் தொங்கவிட்டுச் சில நாள் காக்க வேண்டும். நம் ஊரில் சுண்ணாம்பு வேலை செய்த பெரியவர்களிடம் இந்தக் கைப்பக்குவம் இன்னும் இருக்கிறது. அதைக் கற்றவருக்கு ஜித்தாவில் மதிப்பு உண்டு.

கேள்வி: தனுஷ்கோடி இடிந்த தேவாலயமும் இதே கல்லா? (தங்கச்சிமடம் வாசகர்)

ஆம், அதுவும் பவளக் கல்லில் கட்டியதுதான். உப்புக்காற்றில் அது எப்படி அரிக்கிறது என்பதை அங்கேயே பார்க்கலாம். இன்று இந்தியாவில் பவளப்பாறை எடுப்பது குற்றம்.

கேள்வி: நம் ஆட்கள் ஜித்தாவின் ஷரஃபியா, அஜீஸியா பேட்டைகளில் வந்து சேர்ந்தது எப்படி? பலத்தில் ஏன் இல்லை? (திருச்சி வாசகர்)

பலத்திலும் வெளிநாட்டார் இருந்தார்கள். 1947-இல் நகரச் சுவரை இடித்தார்கள். அதே ஆண்டில் வாதி ஃபாத்திமா பள்ளத்தாக்கிலிருந்து அல்-அய்ன் அல்-அஜீஸியா என்ற திட்டத்தின் குழாய்த் தண்ணீர் வந்தது. அதுவரை மழைநீர்த் தொட்டியையும் கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் கிந்தாஸாவையும் நம்பியிருந்த ஊர், தண்ணீர் கிடைத்ததும் சுவரைத் தாண்டி வடக்கே விரிந்தது. பக்தாதியா, கந்தரா என்று புதுப் பேட்டைகள் எழுந்தன. வீட்டுக்காரர்கள் தோட்டம் வைத்த பங்களாவுக்குப் போனார்கள். பழைய வீட்டை அறை அறையாகப் பிரித்து ஏமனியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் ஆசியருக்கும் வாடகைக்கு விட்டார்கள். ரோஷனுக்குள் ஏசியைச் செருகியதும், ஒரே மின்கம்பியில் பத்து அறைக்கு இணைப்புக் கொடுத்ததும் அப்போதுதான். தீ விபத்துகளுக்கு அது ஒரு பெருங்காரணம். ஆனால் வீடுகளைக் குடியேறிகள் கெடுத்தார்கள் என்று சொல்வது அநியாயம். ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்த வீட்டில் கூரை ஒழுகுவதைப் பார்க்கக்கூட யாருமில்லை.

எண்ணெய்ப் பணம் வந்த 1970-களில் வந்த இந்தியர்கள் புது அடுக்குமாடிகள் இருந்த வடக்குப் பேட்டைகளுக்குப் போனார்கள். ஷரஃபியாவில் மலையாளிகளின் கடை, ஓட்டல், பாலிகிளினிக் பெருகி, நம்மவரும் சேர்ந்தார்கள். அஜீஸியாவில் இந்திய, பாகிஸ்தானியக் குடும்பங்கள் பள்ளிக்கூடங்களை ஒட்டி அமைந்தன. வெளிநாட்டுத் தொழிலாளரின் குடும்ப உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் சவூதி அரசு 2017-இல் மாதம் 100 ரியாலாகத் தொடங்கிய கட்டணம் 2020-இல் 400 ஆனபோது பலர் மனைவி மக்களை ஊருக்கு அனுப்பினார்கள். 2021 இறுதியில் அரசு தொடங்கிய இடிப்பில் குலைல், பெட்ரோமின் போன்ற ஏழைப் பேட்டைகளே போய்விட்டன. அவற்றில் வாழ்ந்தவர்களின் நினைவும் பதிவாக வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

கேள்வி: குடும்பத்தோடு குடியேறப் போகிறோம். வீடு பார்க்கும்போது எதைக் கவனிப்பது? (நாகப்பட்டினம் வாசகி)

பள்ளிக்கூடத்தை முதலில் முடிவு செய்து அதன் பக்கத்தில் வீடு தேடுங்கள், சகோதரி. ஒப்பந்தம் ஈஜார் என்ற அரசின் வாடகைப் பதிவுத் தளத்தில் பதிவாக வேண்டும். வெறும் கையெழுத்துத் தாளை நம்பி பணம் கொடுக்காதீர்கள். வாடகையை ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கேட்பது சகஜம். கீழே நிலத்தொட்டியும் மேலே மாடித்தொட்டியும் எவ்வளவு கொள்ளும், தண்ணீர் நின்றால் வாயித் எனும் தண்ணீர் லாரிக்கு யார் பணம் கொடுப்பது, மின்மீட்டர் தனியா, பகிர்ந்ததா என்று கேளுங்கள். கட்டாயம் விசாரிக்க வேண்டியது மழை: 2009, 2011, 2022 வெள்ளங்களில் அந்தத் தெருவில் தண்ணீர் நின்றதா என்று கீழே பக்காலா (மளிகைக்) கடைக்காரரிடம் கேளுங்கள். புரோக்கர் சொல்லமாட்டார். தரைத்தளம் வேண்டாம்.

கேள்வி: பழைய ரோஷன் பலகையோ பவளக் கல்லோ நினைவுக்கு வாங்கி வரலாமா? (மேலப்பாளையம் வாசகர்)

வேண்டாம். பழைய பலகை விற்பனைக்கு வருகிறதென்றால் எங்கோ ஒரு வீட்டைப் பிய்த்திருக்கிறார்கள் என்று பொருள். பவளம் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டில் இருப்பது, அனுமதிச் சீட்டில்லாமல் சுங்கத்தில் மாட்டிக்கொள்வீர்கள். புதிதாகச் செதுக்கிய சின்ன ரோஷன் மாதிரிகளை விற்கிறார்கள், அதை வாங்குங்கள். தச்சர் ஒருவருக்கு அன்றைய கூலி போய்ச் சேரும்.